மயிலம்மாளைவிடக் குறைவாக

வெண்ணந்தூருக்கு மேற்கே, தார்ச்சாலை முடிந்து மண்தடம் தொடங்குகிற இடத்தில், ஒரே தோட்டத்துக்குள் இரண்டு வீடுகள். முதலில் ஒரே வீடாக இருந்ததுதான். அண்ணன் தம்பி பாகம் பிரித்துக்கொண்டபோது நடுவில் ஒரு சுவர் வைத்தார்கள். கிழக்குப் பாதியில் அண்ணன் செங்கோட்டையனும் அவர் மனைவி சௌந்திரமும். மேற்குப் பாதியில் தம்பி நவநீதகிருஷ்ணனும் அவர் மனைவி மயிலம்மாளும். மாடு கட்டும் கட்டுத்தரையை மட்டும் பிரிக்கவில்லை. இரண்டு வீட்டு மாடுகளும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. சுவர் ஏழடி உயரம். அதற்கு மேல் ஓடு வரைக்கும் ஒரு முழம் திறந்தே கிடந்தது. மயிலம்மாள் கடுகு தாளித்தால் சௌந்திரத்துக்குத் தும்மல் வரும்.

சௌந்திரம் ஓமலூர்ப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்து இங்கே வந்தாள். இப்போது ஐம்பத்து நாலு. வந்த புதிதில் எட்டு வருஷம் அவள்தான் அந்த வீட்டுக்கு ஒரே மருமகள். பிறகு கொழுந்தனுக்குப் பெண் பார்த்து, தானே முன்னால் நின்று தட்டு மாற்றி அழைத்துவந்தவள்தான் மயிலம்மாள். அழைத்துவந்த மூன்றாம் நாளே செய்தது தப்பு என்று தெரிந்துபோயிற்று. யாருக்கும் அடங்காமல் உதைத்துக்கொண்டிருந்த ஒரு பசு, மயிலம்மாள் மடியைத் தொட்டதும் ஆடாமல் அசையாமல் நின்றது. "கைராசிக்காரப் புள்ளதான் போ" என்று செங்கோட்டையன் சொன்னார். ஊரில் வேறு யார் சொல்லியிருந்தாலும் விட்டுவிடலாம், சொன்னது அவள் புருஷன். அந்த ஒரு வார்த்தையை சௌந்திரம் இருபத்தேழு வருஷமாக மறக்கவில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றிலும் போட்டிதான். போட்டி என்று மயிலம்மாளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். பால் சொசைட்டியில் தினமும் காலையில் ஒவ்வொருவர் பாலையும் அளந்து, கெட்டி எத்தனை டிகிரி என்று சத்தமாகச் சொல்லி எழுதுவார்கள். தன் பாலுக்குச் சொல்வதைக் காதில் வாங்குகிறாளோ இல்லையோ, அடுத்து மயிலம்மாள் பாலுக்கு என்ன சொல்கிறார்கள் என்பதற்கு சௌந்திரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். மயிலம்மாளுடையது ஒரு புள்ளி கூடிவிட்டால் அன்றைக்குக் குழம்பில் உப்புக் கூடிவிடும். அதற்கும் ஒரு வழி இருந்தது. முந்தின நாள் பொழுதோடு பருத்திக்கொட்டையை ஆட்டி ஊற்றி, தண்ணீர் காட்டுவதைக் குறைத்துக் கட்டினால் மறுநாள் டிகிரி ஏறிவிடும் என்பார்கள். மாடு என்னவோ அதே மாடுதான். அளக்கிற நேரத்தில் பால் நன்றாக இருந்தால் போதும் என்பது சௌந்திரத்தின் கணக்கு.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே வரிசையில் நின்று விரலைக் கொடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சர்க்கரை. சௌந்திரத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு, மயிலம்மாளுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. பொய் சொல்வானேன், வீடு திரும்புகிற வழியில் சௌந்திரத்துக்குக் கவலையோடு கவலையாக உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சியும் இருந்தது. நோய் வந்தது வந்துவிட்டது. ஆனால் மயிலம்மாளைவிட நூற்றாறு குறைவு.

அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்ற அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையில் களி, மத்தியானம் ஒரு கரண்டிச் சோறு, ராத்திரிக்குக் கோதுமை உப்புமா. மாரியம்மன் நோம்பிக்கு வெல்லப்பாகு காய்ச்சிக் கச்சாயம் சுட்டு ஊருக்கே கொடுப்பாள். தன் வாயில் ஒரு விள்ளல் போடமாட்டாள். டீயில் சர்க்கரையை நிறுத்தினாள், பிறகு டீயையே நிறுத்தினாள். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துவிட்டு எழுந்து வருவது எதற்கு என்று கல்யாணங்களையும் நிறுத்தினாள். மயிலம்மாளோ கச்சாயத்தில் பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, "மிச்சம் நாளைக்கு" என்று சிரிக்கிற ரகம்.

மாதத்தில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், ஏழு மணிக்கெல்லாம், அன்புச்செல்வி வருவாள். வீடுவீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிற வேலை அவளுக்கு. ஸ்கூட்டியைக் கட்டுத்தரை ஓரம் நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, விரலில் குத்தி, மிஷினில் வந்த நம்பரைச் சொல்வாள். "பெரீம்மா, நூத்தித் தொண்ணூத்தெட்டுங்க. சின்னம்மா, நூத்தி இருவத்தாறுங்க." சொசைட்டிக்காரன் டிகிரி சொல்கிற அதே சத்தம் மாதிரிதான் சௌந்திரத்துக்குக் கேட்கும்.

எந்த மாதத்தில் தராசு இப்படிச் சாய்ந்தது என்று அவளுக்கு நினைவில்லை. பட்டினி கிடப்பவள் ஒருத்தி, நம்பர் குறைவது இன்னொருத்திக்கு என்றால் இது எந்த ஊர் நியாயம்? ஒருவருக்கு உடம்பு கேட்கும், ஒருவருக்குக் கேட்காது, மாத்திரையை மாற்றிப் பார்க்கலாம் என்று அன்புச்செல்வி எவ்வளவோ பக்குவமாகச் சொன்னாள். சௌந்திரத்தின் காதில் ஏறவில்லை. உடம்பு என்ன, அதுவும் மயிலம்மாள் பக்கம் சேர்ந்துகொண்டதா என்றுதான் நினைத்தாள்.

இதற்கிடையில்தான் இன்னொன்று வந்தது. அதற்கு சௌந்திரத்திடம் பெயர் இல்லை. காலையில் கண் விழித்தால் எழுந்திருக்கத் தோன்றாது. மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட வேண்டும் என்று தெரியும். கை கால் வலியும் கிடையாது. ஆனால் போர்வையை விலக்குவது ஒரு மூட்டையைத் தூக்குகிற வேலையாக இருந்தது. பெங்களூரில் இருக்கும் மகள் பிரவீனா தினமும் போன் செய்வாள். போன் அடித்து ஓயும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். தலை வாரமாட்டாள். சட்டியில் குழம்பு கொதிக்கும்போது திடீரென்று கண்ணில் தண்ணீர் வரும். யார் செத்தார்கள், யார் அடித்தார்கள் என்று ஒன்றும் இருக்காது. "ஏனுங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுங்க" என்று ஒருநாள் புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். செங்கோட்டையன் கெட்ட மனிதர் இல்லை. "சக்கரை இருந்தா அசதி இருக்கத்தான் இருக்கும். சித்த படு, செரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு, அவரே போய் மாட்டுக்குத் தட்டுப் போட்டார். அவள் படுத்தாள். சரியாகப் போகவில்லை.

அந்த நாட்களில் அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பியது ஒன்றே ஒன்றுதான், பொறாமை. சுவருக்கு மேலிருந்து காபி வாசனை வரும். இவள் இந்நேரத்துக்கே எழுந்துவிட்டாளா என்று உடம்பு திகுதிகுவென்று எரியும். அந்த எரிச்சலில் எழுந்து உட்காருவாள். சுவருக்கு அந்தப் பக்கம் மயிலம்மாள் போனில் மகனோடு பேசிச் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரிந்துகொள்ள சௌந்திரம் அடுப்படிக்கு வந்து நிற்பாள். வந்து நின்றதற்கு அடுப்பையும் பற்றவைப்பாள். அந்த வீட்டில் அன்றன்றைக்குச் சோறு வெந்தது இப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அன்புச்செல்வி ஒரு தாளைக் கொண்டுவந்தாள். சர்க்கரைக்காரர்களுக்கு மனசு எப்படி இருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். தாளில் ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், தினமும் என்றால் மூன்று. இரண்டு பேரையும் தனித்தனியாக உட்காரவைத்துத்தான் கேட்டாள். முதலில் மயிலம்மாள். அவள் கால் மணி நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோனாள். அடுத்து சௌந்திரம்.

"இது சாஸ்தியா வந்தா நல்லதா, கொறைச்சலா வந்தா நல்லதா அம்மிணி?" என்று முதலிலேயே கேட்டுக்கொண்டாள்.

"கொறைச்சலா இருந்தாத் தொந்தரவு இல்லைங்க பெரீம்மா. ஆனா உள்ளதைச் சொல்லோணுங்க."

அது போதும் சௌந்திரத்துக்கு. வேலையில் பிடிப்பில்லாமல் இருக்கிறதா? இல்லை. மனசு சோர்ந்துபோகிறதா? இல்லை. தூக்கம்? நன்றாக வருகிறது. ஒன்பதுக்கும் இல்லை இல்லை என்று தலையாட்டி பூஜ்யம் வாங்கினாள். மயிலம்மாளுக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு அன்புச்செல்வி சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, பூஜ்யத்துக்குக் கீழே ஒரு நம்பர் கிடையாது என்பது சௌந்திரத்துக்குத் தெரியும். வெகு நாளைக்கப்புறம் அன்றைக்கு அவள் ஜெயித்தாள்.

அதிலிருந்து சில மாதத்தில் மயிலம்மாள் ஒரு வெள்ளிக்கிழமை விட்டு ஒரு வெள்ளிக்கிழமை சேலத்துக்குப் பஸ் ஏற ஆரம்பித்தாள். கேட்டால் அக்கா மகள் வீட்டுக்கு என்பாள். விடிகாலையில் கரட்டு அடிவாரம் வரைக்கும் நடந்துவிட்டு வர ஆரம்பித்தாள். வருஷக்கணக்காகச் சாமான் போட்டுவைத்திருந்த தையல் மிஷினைத் தட்டி எடுத்தாள். ஒருநாள் ராத்திரி சீரகம் கடன் வாங்கப் போன சௌந்திரம், மயிலம்மாள் ஒரு மாத்திரையை வாயில் போடுவதைப் பார்த்தாள். சின்ன மாத்திரை, கொத்தமல்லி விதை அளவு. அன்புச்செல்வி கொடுக்கிற பொட்டலத்தில் அப்படி ஒன்று கிடையாது. சௌந்திரத்தைப் பார்த்ததும் மயிலம்மாள் அட்டையை முந்தானைக்குள் மறைத்தாள்.

சௌந்திரத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேலத்தில் எவனோ பெரிய டாக்டர் இருக்கிறான். அவன் சர்க்கரைக்குத் தனி மாத்திரை கொடுக்கிறான். தின்பதையும் தின்றுகொண்டு நம்பரையும் இறக்கிக்கொண்டு திரிகிறாள் என்றால் காரணம் அதுதான். கூடப்பிறந்தவள் மாதிரி ஒரே தொட்டி விளிம்பில் உட்கார்ந்து விரலைக் கொடுத்துக்கொண்டே, அந்த மாத்திரையை மட்டும் ஒளித்துத் தின்கிறாள். அன்று ராத்திரி சௌந்திரம் தன் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். இதைத் தின்று என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது. தானும் எதற்கு, தன் மாத்திரை எதற்கு என்றும் தோன்றியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்த ஒரு காலிப் பாட்டிலில் அதைப் போட்டு மூடினாள்.

தினமும் என்று இல்லை. நினைத்தால் விழுங்குவாள், நினைத்தால் பாட்டிலில் போடுவாள். போன வருஷம் முழுக்க இப்படியே போயிற்று. இந்த வருஷம் தைக்கு அப்புறம் விழுங்குவதே நின்றுவிட்டது. நம்பர் இருநூற்று எழுபத்தாறு வந்தது. அடுத்த மாதம் முந்நூற்று ஒன்று. வலது காலில் பெருவிரல் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வரப்பில் வெறுங்காலோடு நடந்து வந்தாள். "பெரீம்மா, இன்னொருக்கா இப்பிடி வந்தா டாக்டரு ஊசி போடச் சொல்லிருவாருங்க" என்று அன்புச்செல்வி கவலையோடு சொன்னாள். ஊசி சௌந்திரத்துக்குப் பெரிதாகப் படவில்லை. அதே தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்த மயிலம்மாள் "அக்கா" என்று கையைத் தொட்டாள் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. நூற்றுப் பத்தொன்பது வாங்கியவளின் இரக்கம் அவளுக்கு எதற்கு?

அடுத்த மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. மறுநாள் அன்புச்செல்வி வருகிற நாள். அளக்கிற நேரத்தில் நன்றாக இருந்தால் போதும் என்பது முப்பத்தைந்து வருஷமாக மாட்டிடம் பழகிய வித்தை. ரத்தமும் பாலும் என்ன பெரிய வித்தியாசம்? திங்கள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்தினாள். செங்கோட்டையனிடம் விரதம் என்று சொன்னாள். பொழுதோடு டிரம்முக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்து மூன்று மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். விடிகாலை எழுந்து இன்னும் மூன்று. ஒருநாளும் இல்லாத திருநாளாக, காபி வாசனை வருவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாள்.

ஆறரைக்கு அண்ணனும் தம்பியும் பால்கேனைக் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குக் கிளம்பினார்கள். ஏழு மணிக்கு அன்புச்செல்வி வந்தாள். சௌந்திரம் முன்னாலேயே போய்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். முதுகு முழுக்க வியர்த்திருந்தது. கை நடுங்கியது. மாடுகள் இரண்டு இரண்டாகத் தெரிந்தன. பயத்தில்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

அன்புச்செல்வி மிஷினை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "நாப்பத்தாறு" என்றாள்.

சௌந்திரம் சிரித்தாள். பல மாதத்துக்கு அப்புறம் வந்த சிரிப்பு. "மயிலுக்குப் பாரு, அவளுக்கு எவ்வளவுன்னு பாரு" என்று சொன்னதாகத்தான் அவளுக்கு நினைவு. சொல்லி முடிப்பதற்குள் தொட்டி விளிம்பிலிருந்து பக்கவாட்டில் சரிந்துவிட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மயிலம்மாள் அவளைத் தரையில் விழாமல் மடியில் தாங்கிக்கொண்டாள். "நெனவு இருக்குது சின்னம்மா, முழுங்குவாங்க. ஓடிப்போய்ச் சக்கரை கொண்டாங்க" என்றாள் அன்புச்செல்வி. அவளை அன்புச்செல்வி மேல் சாய்த்துவிட்டு மயிலம்மாள் ஓடினாள். திரும்பி வந்தபோது ஒரு சொம்பில் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டுவந்திருந்தாள். சௌந்திரத்தின் தலையை நிமிர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் சௌந்திரத்தின் நாக்கில் இனிப்புப் பட்டது. அதுவும் மயிலம்மாள் கையால்.

கால் மணி நேரத்தில் மாடுகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. மறுபடி விரலில் குத்தியதில் தொண்ணூற்று நாலு. மயிலம்மாள் இரண்டு இட்லியைப் பிட்டு ஊட்டினாள். எத்தனை மாத்திரை என்று அன்புச்செல்வி கேட்டுக் கேட்டு வாங்கினாள். பாட்டிலையும் எடுத்துவரச் செய்தாள். முக்கால் பாட்டில் மாத்திரை. அதைப் பார்த்ததும் மயிலம்மாளின் கண் நிரம்பிவிட்டது.

"ஏனுங்க்கா இப்பிடிப் பண்ணிப்போட்டீங்க?"

"உன்னையவிடக் கொறைவா வரோணும்னுதான்" என்றாள் சௌந்திரம். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "நீயும் நானும் ஒரே நாளுல சீக்குக்காரியானோம். நான் வாயக் கட்டி வயித்தக் கட்டிக் கெடக்கறேன். நீ திங்கறதயும் தின்னுபோட்டுச் சிரிச்சுக்கிட்டுத் திரியற. அந்தச் சின்ன மாத்திரை எந்த டாக்டரு குடுத்தது? எனக்கு ஒண்ணு சொன்னா உனக்குக் கொறைஞ்சா போயிரும்? சேலத்துக்கு வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம போறியே, உன்ற அக்கா மக ஊட்டுக்கா போற?"

மயிலம்மாள் அன்புச்செல்வியைப் பார்த்தாள். சொல்வது தன் வேலை இல்லை என்பதுபோல அன்புச்செல்வி பெட்டியை மூடினாள். மயிலம்மாள் எழுந்து வீட்டுக்குள் போய், அந்த அட்டையையும் ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொண்டுவந்து சௌந்திரத்தின் மடியில் வைத்தாள்.

"இது சக்கரைக்கு இல்லீங்க்கா. மனசுக்குங்க."

"மனசுக்கா?"

"ஆமாங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு மாதிரியா இருந்துச்சுங்க. எந்திரிக்கவே தோணாது. பால் பீச்சறப்பவே அழுகை வரும். ஏன்னே தெரியாது. உங்ககிட்டச் சொல்லலாம்னா ஒம்போதுக்கும் இல்லைன்னுட்டேன், பூஜ்யம்னு நீங்களே சிரிச்சிக்கிட்டுச் சொன்னீங்க. நமக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு, அக்கா நல்லாத்தான் இருக்காங்கன்னு வெக்கமாப் போச்சுங்க்கா. சக்கரை இருக்கறவங்க நெறையப் பேத்துக்கு இது வருமாம். டாக்டரம்மா சொன்னாங்க. இது வந்தா சக்கரையும் கேக்காதாம். இதைப் பாத்தாத்தான் அதுவும் எறங்குமாம்."

ஒரு மாதிரியா. அந்த வார்த்தை தன்னுடையது என்று சௌந்திரத்துக்குத் தோன்றியது. தன் வாயிலிருந்து யாரோ திருடிக்கொண்டு போனது மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் வேறு யாராவது இருந்தால் மயிலம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பார்கள். சௌந்திரம் சீட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மயிலம்மாள் பெயர், வயது, தேதிகள், கீழே டாக்டர் கிறுக்கல். வரிசையாக முத்திரைகள்.

"அங்க போனா என்ன பண்ணுவாங்க?"

"மாத்திரை குடுப்பாங்க. அப்பறம் ஒரு அம்மா இருக்காங்க. உள்ள கூட்டிட்டுப் போயிக் கதவச் சாத்திட்டு, நம்மளப் பேசச் சொல்லிக் கேட்டுக்குவாங்க. நாப்பது நிமிசங்க்கா. நடுவுல பேசவே மாட்டாங்க."

நாற்பது நிமிஷம். பசுமாட்டுக்கோ பால் டிகிரிக்கோ நூற்றுப் பத்தொன்பதுக்கோ சௌந்திரம் இப்படி எரிந்ததில்லை. இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருஷத்தில் அவள் பேச்சை நாலு நிமிஷம் முழுசாக யார் கேட்டிருக்கிறார்கள்? சித்த படு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இவள் மட்டும் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பஸ் ஏறிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, நாற்பது நிமிஷம் பேசிவிட்டு வந்திருக்கிறாள். தனக்கும் அதே சோர்வு, அதே அழுகை. ஆனால் இவளுக்குச் சீட்டு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, கேட்பதற்கு ஆள் இருக்கிறது. தனக்கு ஒரு காலிப் பாட்டில்.

"அம்மிணி" என்றாள் அன்புச்செல்வியைப் பார்த்து. "அந்தத் தாளு வெச்சிருக்கியா? ஒம்போது கேள்வி."

"இருக்குதுங்க பெரீம்மா."

"எடு. அன்னைக்கு நான் ஒழுங்காச் சொல்லலை."

மயிலம்மாள் எழுந்து போகப் பார்த்தாள். "நீ உக்காரு" என்று சௌந்திரம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிடித்த கையை விடவில்லை.

அன்புச்செல்வி ஒவ்வொன்றாகப் படித்தாள். வேலையில் பிடிப்பு இல்லாமல் இருக்கிறதா? தினமும். மனசு சோர்ந்துபோகிறதா? தினமும். தூக்கம்? விடிய விடிய முழித்துக்கொண்டு, விடிந்த பிறகு தூங்குகிறேன். சோற்று மேல் ஆசை? சௌந்திரம் கொஞ்சம் யோசித்து, "எதும்மேலயும் இல்ல சாமி" என்றாள். தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று நினைப்பு வருகிறதா என்றதற்கு மூன்று விரலைக் காட்டினாள். ஒன்பதாவது கேள்வியை அன்புச்செல்வி குரலைத் தாழ்த்திப் படித்தாள். செத்துப்போனால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா?

சௌந்திரம் தொட்டியில் தண்ணீர் உறிஞ்சுகிற மாட்டைப் பார்த்தாள்.

"சில நாளு" என்றாள் சௌந்திரம். "ராத்திரி அந்தப் பாட்டில மூடறப்ப."

மயிலம்மாள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று ரவிக்கை நனைந்ததில் தெரிந்தது. சௌந்திரம் அழவில்லை. ஒன்பதையும் வெளியே சொன்னதில் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அன்புச்செல்வி கூட்டி எழுதினாள். "வெள்ளிக்கெழம வரைக்கும் இருக்க வேண்டாமுங்க பெரீம்மா. இன்னைக்கே போயிரலாம். அத்தனை மாத்திரை தின்னுருக்கறீங்க, மறுபடி எறங்கினாலும் எறங்கும். அதுக்கும் அங்க பாக்கோணும். நான் போன் பண்ணிச் சொல்லிப்போடறேன். அந்தப் பாட்டிலு எங்கிட்டயே இருக்கட்டும். பெரீப்பாகிட்ட நான் சொல்லட்டுங்களா?"

"நானே சொல்றேன்" என்றாள் சௌந்திரம். "எவ்வளவு வந்துச்சு?"

"இருவத்தொண்ணுங்க."

சௌந்திரம் தோளில் கிடந்த தலையைத் திரும்பிப் பார்த்தாள். கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை. இருபத்தேழு வருஷப் பழக்கம் ஒரு காலையில் போய்விடுமா?

"உனக்கு அன்னைக்கு எவ்வளவு?"

மயிலம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பத்தொம்பதுங்க்கா" என்றாள்.

"எனக்கு ரெண்டு சாஸ்தி."

"ஆமாங்க்கா."

"அப்ப எனக்கு நாப்பது நிமிசம் பத்தாதே" என்றாள் சௌந்திரம். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "மயிலு, கூடக் கொஞ்ச நேரம் குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாப்போமுங்க்கா. இல்லீன்னா என்ற நேரத்தையும் நீங்களே எடுத்துக்குங்க."

ஒன்பதரை பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. மயிலம்மாள் செங்கோட்டையனுக்குப் போன் போட்டு சௌந்திரத்தின் கையில் கொடுத்தாள். வீட்டுக்கு வாருங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், இது அசதி இல்லை என்று மட்டும் சௌந்திரம் சொன்னாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தலை வார உள்ளே போனாள். சீப்பு எங்கே கிடக்கிறது என்று தெரியவில்லை. ஏழடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, "மயிலு, உன்ற சீப்பக் குடு" என்று சத்தம் போட்டாள்.